கேன்டீன் அம்மாவை விட்டுட்டுப் போன ரயில்

தாமஸ் ரயில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவரா நீங்க? அந்தக் கதைகளை எழுதின பாதிரியார் ஆட்ரியின் படிப்பறை, வேல்ஸில் டவின் ஸ்டேஷனை ஒட்டிய நாரோ கேஜ் மியூசியத்துல இருக்கு. ஏன் அங்கே?

ஸ்லேட் கல் சுமக்க 1860-களில் போட்ட டாலிலின் ரயில் பாதை அது. அகலம் ரெண்டேகால் அடிதான்! 1950-ல் முதலாளி இறந்ததும் மூடியிருக்க வேண்டியது. 1951-ல் தன்னார்வலர்கள் எடுத்து ஓட்டினாங்க. உலகத்துலயே அப்படி மீட்ட முதல் ரயில் இதுதான். 1952-ல் கார்டு வேலை பார்க்க வந்த ஆட்ரி, ஒருமுறை கேன்டீன் அம்மா ஏறுறதுக்குள்ள வண்டியைக் கிளப்பிட்டார். அசடு வழிஞ்சிருப்பார் பாவம், ஆனா அதையும் கதையாக்கிட்டார்! இன்னிக்கும் அங்கே இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடறவங்கள்ல நிறைய பேர் தன்னார்வலர்கள். நம்ம வயசுப் பசங்களும் உண்டு.