கீழ்த்தளமும் மேல்தளமும்



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் சென்னைவாசி ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் வீடு கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான் லிஃப்டில் ஏறுவதில்லை. மொட்டை மாடிக்கும் போவதில்லை. அவற்றின் செலவில் என்னிடம் பங்கு கேட்பது நியாயமா?" என்று கேட்டார். பதினொரு மாதங்களாகப் பராமரிப்புக் கட்டணத்தை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அங்கோ மொட்டை மாடி ஒழுகி, மேல்வீட்டு விதவைத் தாயின் சுவர் நனைந்து கொண்டிருந்தது. பழுது பார்க்கச் சங்கத்திடம் பணமில்லை.

"கிரயப் பத்திரத்தைப் படித்தீர்களா?" என்றேன். படித்ததில்லை என்றார். நம்மில் பலருடைய நிலையும் இதுவே.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் இரண்டு உரிமைகளைப் பெறுகிறார். ஒன்று, சுவர்களுக்குள் அடங்கிய வீடு. மற்றொன்று, நிலத்தில் பிரிபடாத பாகம். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் சம அளவுள்ள எட்டு வீடுகள் இருந்தால், ஆளுக்கு 300 சதுர அடி பாகம் வரும். ஆயினும் 'இந்த மூலை என்னுடையது' என்று எவரும் வேலியிட இயலாது. மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி ஆகியனவும் பொதுவானவையே. மேலே கசியும் நீர் கம்பிகளைத் துருவேற்றினால், பலமிழப்பது கீழ்வீட்டார் குடியிருக்கும் அதே கட்டடம் அன்றோ?

ஆதலால், வாங்குமுன் சிலவற்றைக் கேட்டறியுங்கள். பாகம் எத்தனை சதுர அடி? விளம்பரத்தில் கூறும் அளவில் சுவருக்குள் நாம் புழங்கும் இடம் எவ்வளவு? மாதக் கட்டணம் எவ்வளவு? அது சதுர அடிக் கணக்கிலா, வீட்டுக்கு இவ்வளவு என்றா? முந்தைய உரிமையாளர் பாக்கி வைத்திருக்கிறாரா? பெயின்ட் அடிக்கவும் மோட்டார் மாற்றவும் சேமநிதி உண்டா? புதிய வீடாயின், 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவரே கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். வாய்வார்த்தையை நம்பி ஏமாறுவது பக்தியாகாது.

ஸஹீஹுல் புகாரியில் ஓர் உவமை உண்டு. சீட்டுக் குலுக்கிக் கப்பலில் இடம் பிரித்துக் கொண்டவர்களுள் கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேலே சென்றுவர வேண்டியிருந்தது. 'நம் பங்கில் துளையிட்டுக் கொண்டால் மேலுள்ளோருக்குத் தொல்லையில்லையே' என எண்ணினர். தடுக்காமல் விட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் தப்புவர். தீமையைத் தடுப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் கூறிய இவ்வுவமையை அச்சகோதரரிடம் நினைவூட்டினேன்.

"விதி அநீதியாகத் தோன்றினால் பொதுக்குழுவில் எழுந்து பேசுங்கள், மாற்றச் சொல்லுங்கள். மாறும்வரை, நீங்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை உங்களைக் கட்டுப்படுத்தும். பாக்கி என்பது கடன், அத்துடன் அண்டை வீட்டாரின் ஹக்" என்றேன். சற்று மௌனமாக இருந்து, "கொடுத்து விடுகிறேன்" என்று சொல்லிச் சென்றார்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். வசூலித்த பணம் உங்கள் கையில் அமானத். ஆண்டுதோறும் வரவு செலவை அனைவர் முன்னும் வாசியுங்கள். கணக்குக் காட்டாதவர் கட்டணம் கேட்கும் தகுதியை இழக்கிறார்.

அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.