குட்டிகள் போய்விடும், தாய் எங்கே போவாள்?

பூனைக்குட்டிகளின் படத்தை வட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்பார்கள்: "எனக்கு ஒண்டு தருவியா?" அதே படத்தின் ஓரத்தில் ஒரு தாய்ப்பூனை படுத்திருந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

போன வருடம் லண்டனில் எங்கள் வீட்டில் ஒரு தாய்ப்பூனையையும் அதன் நான்கு குட்டிகளையும் தற்காலிகமாக வளர்த்தோம். ஃபொஸ்டரிங் என்று இங்கே சொல்வார்களே, அதுதான். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு விஷயங்களில் உறுதியான கருத்து வந்திருக்கிறது. ஒன்று, எங்கள் வீடுகளில் இதை இன்னும் நிறையப் பேர் செய்யலாம். இரண்டாவது, பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் குட்டியைப் பார்ப்பதற்கு முதல் தாயைப் பார்க்கவேண்டும்.

ஃபொஸ்டரிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூனை உங்களுடையது அல்ல. அது ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. சாப்பாடு, மிருக வைத்தியர் செலவு, மலத்தட்டுக்குப் போடும் மண் எல்லாவற்றையும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். நீங்கள் கொடுப்பது ஒரு அறையும் நேரமும். நிரந்தர வீடு கிடைத்ததும் பூனை போய்விடும்.

பிரித்தானியாவில் பூனைக் காப்பகங்கள் புதிதல்ல. பாட்டர்சீ இல்லம் 1860இல் நாய்களுக்காகத் தொடங்கி, 1883இல் பூனைகளையும் சேர்க்கத் தொடங்கியது. பூனைகளுக்கென்றே உள்ள கேட்ஸ் புரொடெக்‌ஷன் 1927இல் தொடங்கியது. அப்படியென்றால் ஏன் வீடுகள் தேவை? காரணம், காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பச்சைக்குட்டிகளுக்கு அது சரியான இடமில்லை. பல பூனைகள் இருக்கும் இடத்தில் தொற்றுநோய் சுலபமாகப் பரவும். குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவதோ எட்டு, ஒன்பது வாரமளவில்தான். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதுதான் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க 'சாதாரணம்'. தூசு உறிஞ்சும் மெஷின், மிக்ஸி, சின்னப் பிள்ளைகளின் சத்தம், மூன்று பேர் ஒரே நேரத்தில் ஃபோனில் கதைப்பது எல்லாம் இதில் அடங்கும். இந்த விஷயத்தில் ஒரு தமிழ் வீட்டை வெல்ல எந்தக் காப்பகத்தாலும் முடியாது.

குட்டிகள் எங்களிடம் வந்தபோது அவற்றுக்கு ஐந்து நாள். கண் திறக்கவில்லை. பிறக்கும்போது ஒரு குட்டி ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடவேண்டும். கூடாவிட்டால் ஏதோ பிழை என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் அவற்றை நிறுத்து எழுதுவதுதான் என் முக்கியமான வேலை. அதற்கென்று ஒரு புதுத் தராசு வாங்கினேன், ஏனென்றால் அம்மா தன் கேக் தராசைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார். மிளகு, கடுகு, சீரகம், மல்லி என்று குட்டிகளுக்குப் பெயர் வைத்தோம். தாய்க்கு அம்மம்மா பெயர் வைத்தார்: பெரியபிள்ளை.

உண்மையைச் சொன்னால், அந்த முதல் நான்கு வாரமும் நாங்கள் செய்தது மிகக் குறைவு. எல்லாவற்றையும் செய்தது பெரியபிள்ளை. அந்த வயதில் குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களாகக் காத்துக்கொள்ள முடியாது, தாயின் வயிறுதான் சூடு. முதல் மூன்று வாரமளவுக்கு அவற்றால் தாமாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். தாயில்லாத குட்டிகளை வளர்ப்பவர்கள் இரவு பகலாக இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பிப் போத்தலில் பால் கொடுக்கிறார்கள், ஈரப்பஞ்சால் துடைத்துவிடுகிறார்கள். தாய் இருந்தால் நீங்கள் நித்திரை கொள்ளலாம். நீங்கள் செய்யவேண்டியது தாயைக் கவனிப்பது: அமைதியான அறை, சுத்தமான துணி, எந்நேரமும் தண்ணீர், அவள் கேட்கிற அளவு சாப்பாடு. பால் கொடுக்கும் பூனை வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். பெரியவளாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவளுக்குக் கொடுப்பது குட்டிகளுக்கான சாப்பாடுதான், அதில்தான் சக்தி அதிகம்.

நான்காவது வாரத்தில் குட்டிகள் தட்டில் சாப்பிடப் பழகத் தொடங்கின. அப்போதும் அவள் வேலை முடியவில்லை. மல்லி விளையாட்டில் பலமாகக் கடித்தால், பெரியபிள்ளை அவளை ஒரு காலால் அமர்த்தி வைத்துக்கொள்வாள். கடி எங்கே விளையாட்டு, எங்கே வலி என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்தான் படிக்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்து விற்கப்படும் குட்டி இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறது.

எங்கள் வீடுகளில் இதற்கு வரும் எதிர்ப்புகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். "பூனை குசினிப் பக்கம் வந்தால் நான் சமைக்கமாட்டன்" என்றார் அம்மம்மா. "திருப்பிக் குடுக்கேக்க நீ அழுவாய், என்னால பார்க்க ஏலாது" என்றார் அம்மா. இவற்றைச் சிரித்துத் தட்டிவிடக்கூடாது என்பது என் எண்ணம். சில எதிர்ப்புகள் நியாயமானவை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ கடுமையான ஒவ்வாமையோ இருந்தால் செய்யவேண்டாம். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். யாராவது கர்ப்பமாக இருந்தால் மலத்தட்டை அவர் தொடவேண்டாம், வேறொருவர் சுத்தம் செய்யட்டும்.

மற்றவற்றுக்குப் பதில் இருக்கிறது. குசினிக்கு வரவே தேவையில்லை, முதல் வாரங்களுக்கு ஒரு சின்ன அறையே தாய்க்கும் குட்டிகளுக்கும் போதும், அதுதான் அவர்களுக்கும் நல்லது. சில பழக்கங்களை மட்டும் நாங்கள் மாற்றவேண்டும். பூனை என்றால் பால் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பெரும்பாலான பூனைகளுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றால் போகும். மிஞ்சின கறி கொடுக்கக்கூடாது, வெங்காயமும் உள்ளியும் அவற்றுக்கு நஞ்சு. சாமி அறையிலோ பூச்சாடியிலோ லில்லிப் பூ வைக்கக்கூடாது, அதன் மகரந்தம் கொஞ்சம் உடம்பில் பட்டு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகலாம். பரசிட்டமோல் ஒரு குளிசைகூட ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்தது. ஒன்பதாவது வாரத்தில் குட்டிகளைத் தத்துக்கொடுக்க அறிவித்தார்கள். நான்கு குட்டிகளுக்கும் நான்கு நாளில் வீடு கிடைத்தது. பெரியபிள்ளைக்கு ஏழு வாரம் ஒரு விசாரிப்புகூட வரவில்லை. அவளிடம் என்ன குறை? கறுப்பும் வெள்ளையும் கலந்த, எங்கும் காணக்கூடிய நிறம். புது ஆட்களைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் 'கிழவி'. மிருக வைத்தியர் சொன்ன வயது என்ன தெரியுமா? ஒரு வருடமும் நிறையவில்லை. அவளே ஒரு குட்டிதான். வீட்டுக்குள் வாழும் பூனை பதினைந்து வருடத்துக்கு மேலும் வாழலாம்.

குட்டி அழகு, அதை நான் மறுக்கவில்லை. குட்டிகளுக்கும் வீடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் குட்டிகளுக்கு அது கிடைத்துவிடும். அதோடு, நான் பேசுவது உங்களில் பலரைப் பற்றி: பல்கலைக்கழகம் போகிறீர்கள், பகுதிநேர வேலை செய்கிறீர்கள், அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பகல் முழுக்கத் தனியாக விடப்பட்ட பத்து வாரக் குட்டி திரைச்சீலையில் ஏறும், வயரைக் கடிக்கும், இரவு மூன்று மணிக்கு உங்கள் கால்விரலை வேட்டையாடும். வளர்ந்த பிறகு அது எப்படிப்பட்ட பூனையாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாய்ப்பூனையைப் பற்றிச் சொல்லலாம். மடியில் இருக்குமா, பிள்ளைகளைத் தாங்குமா, தனியாக இருக்குமா என்று அதை வைத்திருந்தவரிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். சாந்தமாக வாழத் தெரிந்த பூனை வேண்டுமென்றால் அது ஏற்கனவே அங்கே இருக்கிறது, படத்தின் ஓரத்தில்.

தாய்மையைப் பற்றிப் பேசுவதில் எங்கள் சமூகத்தை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பால் குடித்து முடிந்ததும் தாயை மறப்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம், பூனைகளில் மட்டுமல்ல. இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு கஷ்டமான விஷயமும் உண்டு. "கருத்தடை செய்வது பாவம்" என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாமி சொன்னார். நான் அவரோடு உடன்படவில்லை. பெண்பூனை நான்கு மாதத்திலேயே கருத்தரிக்கலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கருத்தரிக்கலாம். ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று. ஒரு வயதுகூட ஆகாத உடம்பு அடுத்தடுத்து இதைச் சுமப்பதுதான் எனக்குப் பாவமாகத் தெரிகிறது. குட்டிகள் பால் மறந்த பிறகு பெரியபிள்ளைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் முதன்முதலாக ஒரு நூல்பந்தை உருட்டி விளையாடினாள். அதுவரை அவளுக்கு விளையாட நேரமே இருக்கவில்லை.

சட்டமும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் வந்த லூசியின் சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்க முடியாது. 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வாரம் ஆவதற்குள் மைக்ரோசிப் போடவேண்டும், போடாவிட்டால் 500 பவுண்ஸ் வரை அபராதம் வரலாம். ஆனால் இணைய விளம்பரத்தில் மலிவாகக் குட்டி தேடும் ஒருவரைச் சட்டத்தால் முழுதாகத் தடுக்க முடியாது. அந்தக் குட்டிக்குப் பின்னால் எந்த அறையில், எத்தனையாவது தடவையாக ஒரு தாய் கிடக்கிறாள் என்று கேட்கவேண்டியது நாங்கள்தான்.

பெரியபிள்ளையை எட்டாவது வாரத்தில் ஒரு இரவுநேரத் தாதி வந்து பார்த்தார். பகலில் நித்திரை கொள்பவருக்கு, பகலில் நித்திரை கொள்ளும் பூனை. அதைவிடப் பொருத்தம் கிடைக்காது. நான் அழுதேன், அம்மா சொன்னதுபோலவே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பிரியும்போது அழுதால், அந்தப் பூனை உங்களிடம் நன்றாக இருந்தது என்று அர்த்தம். அதோடு, அறை அடுத்த தாய்க்குத் தயாராகிறது.

வசந்தமும் கோடையும்தான் குட்டிகள் அதிகம் பிறக்கும் காலம். உங்கள் ஊரில் உள்ள ஒரு பூனைத் தொண்டு நிறுவனத்தைக் கேளுங்கள்: தாயோடு குட்டிகளை வைத்திருக்க வீடு தேடுகிறீர்களா என்று. அது முடியாதென்றால், அடுத்த முறை யாராவது குட்டிப் படம் அனுப்பும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் திருப்பி அனுப்புங்கள். தாய்க்கு வீடு கிடைத்துவிட்டதா?