ஊரில் மைதானம், சேரிக்குக் கைதட்டல்

2010 ஜூன் 11. மெக்சிகோவுக்கு எதிராக சிபிவே ஷபலாலா அந்த உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தபோது, எங்க தெரு டி.வி. முன்னால் குதித்தவர்களில் நானும் ஒருவன். ஆப்பிரிக்க மண்ணில் முதல் உலகக் கோப்பை. நம்ம வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. குதித்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை. கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காகத்தான் வெட்கப்படுகிறேன். மைதானத்தை எங்கே கட்டினாங்க?

கேப்டவுனை எடுத்துக்கொள்வோம். 2004 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போட்டி உறுதியானதும், பெரிய ஆட்டங்கள் தனக்கு வருமென்று அந்த நகரம் காத்துக்கிடந்தது. ஆத்லோனில் ஏற்கெனவே ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. ஆத்லோன் எது? 1950இன் குழுப்பகுதிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, வெள்ளையரல்லாத மக்களை நகருக்குள்ளிருந்து பிடுங்கி எறிந்தார்களே, அந்த மணல் சமவெளியில் இருக்கிற பகுதி. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற ஒரே இடத்திலிருந்து மட்டும் 60,000 பேரை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் பந்தாடிய மண் அது.

அந்த மைதானத்தையே பெரிசாக்கலாம், அந்தச் சாக்கில் ரோடும் வேலையும் அந்தப் பக்கம் வரட்டும் என்று உள்ளூரில் பேசினார்கள். நியாயமான பேச்சு. நடந்தது வேறு. வசதியானவர்கள் வாழும் கடலோர கிரீன் பாயின்டில் புது மைதானம் எழும்பியது. ஃபிஃபா விரும்பிய இடம் அதுதான். பின்னால டேபிள் மலை, பக்கத்துல கடல், டி.வி.யில் பார்க்க அழகு. செலவு 400 கோடி ராண்டுக்கு மேல். அங்கே நடந்த ஆட்டங்கள் எட்டு. கணக்குப் போட்டுப் பாருங்க, ஆட்டத்துக்கு 50 கோடி. ஆத்லோனுக்குக் கிடைத்தது பயிற்சி மைதானம் என்கிற பேர்.

தேர் எந்தத் தெரு வழியா வரணும்னு முடிவு பண்றவன் எவன்? இது நமக்குப் புதுக் கேள்வி இல்லை. தேர் வடம் இழுக்க ஆள் வேணும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேணும். தெரு மட்டும் நம்ம தெருவா இருக்கக் கூடாது.

விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் என்-2 நெடுஞ்சாலை ஓரத்தில் ஜோ ஸ்லோவோ குடிசைப் பகுதி. வீட்டு வசதித் திட்டம் என்ற பெயரில் அங்கிருந்த சுமார் 20,000 பேரைத் தூரத்து டெல்ஃப்டுக்கு அனுப்ப, 2009 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவிட்டது. மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2011 மார்ச்சில் அதே நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

டர்பனில் ஒரு அதிகாலைச் சந்தை. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்களின் வழிவந்தவர்களும் ஆப்பிரிக்கர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி விற்கிற இடம். நூறாண்டை நெருங்கிய அந்தச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட 2009இல் மாநகராட்சி கிளம்பியது. உலகக் கோப்பைக்குள் முடிக்கணுமாம். வியாபாரிகள் ஒன்றாக நின்றார்கள். ரப்பர் குண்டு வாங்கினார்கள். நீதிமன்றம் ஏறினார்கள். வளாகம் வரவில்லை, சந்தை நிற்கிறது.

நம் தோழர்கள் சிலர், 'விளையாட்டே முதலாளித்துவப் போதை, விட்டுத் தள்ளுங்க' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பந்துக்கு ஒரு வெட்டவெளி போதும். அதனால்தான் அது நம்ம பசங்க ஆட்டம். ஆத்லோனில் யாரும் கால்பந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே வரட்டும் என்றார்கள். சந்தை வியாபாரிகளும் போட்டியை எதிர்க்கவில்லை. போட்டியைக் காட்டித் தங்களைத் துரத்துவதை எதிர்த்தார்கள். 'ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று அங்கலாய்க்கிற மேட்டுக்குடிப் பேச்சும் இதுவும் ஒன்றல்ல. அவன் கேட்கிறது செலவுக் கணக்கு. நாம் கேட்பது பங்குக் கணக்கு. எங்கே கட்டுறே? யாரைக் கிளப்புறே? வாசலில் கடலை விற்கிறவளை உள்ளே விடுவியா, விளம்பரக் கம்பெனிக்காரன் மட்டும்தானா? முடிவு பண்ற மேசையில் எங்க ஆள் எத்தனை?

இன்னொன்றும் பாருங்கள். கால்பந்துக்காக எழுப்பிய அந்தக் கடலோர மைதானத்தில் 2021 முதல் குடியிருப்பது ஸ்டார்மர்ஸ் ரக்பி அணி. அந்த நாட்டில் வெள்ளையர் ஆட்டமாக வளர்க்கப்பட்டது ரக்பி. நம்ம ஆட்டத்தின் பேரைச் சொல்லி வாங்கிய பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரிகிறதா?

மாணவத் தோழர்களே, அடுத்து எந்த நகரம் போட்டி வருதுன்னு பட்டாசு வெடித்தாலும், ஆட்டத்தைப் பாருங்க. நானும் பார்ப்பேன். அதுக்கு முன்னாடி அந்த நகரத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்து, மைதானம் எந்தப் பக்கம், சேரி எந்தப் பக்கம் என்று விரல் வைத்துப் பார்ப்போம். அப்புறம் குதிக்கலாம்.