பொடி டப்பாவும் படித்துறையும்

இந்த வாரம் காலைப் பேப்பருக்குள்ளிருந்து வழவழவென்று ஒரு நோட்டீஸ் விழுந்தது. ஒரு டப்பா பொடி வாங்கிக் குடித்தால் பத்து நாளில் ஐந்து கிலோ குறையுமாம். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவ்வளவு வேகமாக இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீரும் தசையும்தான். பொடியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறிவிடும். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதுதான் உடம்பு தாங்குகிற வேகம்.

விஷயம் சின்னதல்ல. 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு அதிக எடை. 2019–21 ஆய்வில் அது 40.4. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆகிவிட்டது. தையல்காரர் டேப் ஒன்று போதும், அளந்து பாருங்கள்: இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக் கூடாது.

உடனே சிலர் நம் தேங்காய்ப்பால் சொதியின் மேல் பாய்வார்கள். சொதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கும் விசேஷ நாளுக்கும் வைக்கிற மாப்பிள்ளைச் சொதியா நம்மைப் பருக்க வைத்தது? ராத்திரி பத்து மணிக்குச் சால்னா ஊற்றிய பரோட்டா, தினமும் நாலு தடவை சீனி போட்ட காப்பி, இலை நிறையச் சோறும் ஓரத்தில் துளிக் காயும். வழக்கு போட வேண்டியது இவற்றின் மேல். காய் பாதி இலையைப் பிடிக்கட்டும், பயறோ முட்டையோ மீனோ கூட இருக்கட்டும், சோறு தானாகக் குறையும்.

நடக்கவும் வேண்டும். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் முட்டு வலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? எடை கூடியவர்களில் பலருக்கும் அந்த வலி இருக்கிறது. நெல்லையில் தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளிக்க வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ரோட்டுல நடந்தா முட்டு கெஞ்சுது அண்ணாச்சி. ஆத்துக்குள்ள எறங்கிட்டா வலியே தெரியல” என்றார். மருத்துவம் சொல்வதும் அதையேதான். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் மூட்டில் இறங்கும் பாரம் வெகுவாகக் குறைகிறது. எழுபது கிலோ ஆள் அரைமணி நேரம் நீந்தினால் இருநூறு கலோரிக்குக் குறையாமல் செலவாகும்.

அப்படி ஒரு நீச்சல்குளம் நமக்குப் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஓடுகிறது. இரண்டு பருவமழையும் ஊட்டுகிற ஆறு. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் என்று ஊர் நெடுகப் படித்துறைகள். ஆற்றுக்குப் போய் வருவது இங்கே ஒரு காலத்தில் அன்றாடக் காரியம். போக நடை, உள்ளே நீச்சல், வர நடை. உடற்பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இன்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய் முதலில் மூக்கைப் பொத்துகிறாள். ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து பார்த்தார்கள். இன்னொரு பக்கம் மணல் அள்ளிய பள்ளங்கள். நீச்சல் தெரிந்தவனையும் இழுக்கும். பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

பணம் கட்டிச் சேரும் உடற்பயிற்சிக் கூடங்கள் நகரில் பெருகுகின்றன, பெருகட்டும். பீடி சுற்றுகிற பெண்ணுக்கு, கூலிக்குப் போகிறவருக்கு, ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு ஆறுதான் கூடம். அதை மூடிவிட்டு மாத்திரைச் சீட்டை நீட்டுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மாநகராட்சியிடம் கேட்பது இதுதான். குளிக்கும் நீரில் மலக் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 2500-க்கு மேல் போகக்கூடாது, 500-க்குள் இருப்பது நல்லது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு பலகை நட்டு, அந்த மாதத்து அளவைத் தமிழில் எழுதி வையுங்கள். குறுக்குத்துறையிலிருந்து தொடங்கலாம்.