ஆள் நடமாட்டம்

சென்னையில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. தண்ணீர் லாரி, குப்பை, கொசு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு யாராவது ஒருவர் செயின் பறிப்பைப் பற்றி ஆரம்பிப்பார். இன்னொருவர் அடுத்த தெருவில் பூட்டிய வீட்டை உடைத்த கதையைச் சொல்வார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மகள் வீடு வந்து சேரும்வரை கண் மூடுவதில்லை என்று ஓர் அம்மா சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிடும். கடைசியில் தீர்மானங்கள் போடுவார்கள்: தெருமுனையில் கேமரா, பத்து மணிக்கு மேல் தெருவுக்கே கேட், வெளிமாநிலப் பையன்கள் தங்கியிருக்கும் வீடுகளின் பட்டியல் ஸ்டேஷனுக்கு, முனையில் இருக்கும் டீக்கடையையும் இட்லி தள்ளுவண்டியையும் அப்புறப்படுத்தக் கோரி மாநகராட்சிக்கு ஒரு மனு.

அந்த அம்மாவின் அச்சம் உண்மையானது. அதைப் புள்ளிவிவரம் காட்டி அடக்கிவிட முடியாது. ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வந்ததும் ஆளுங்கட்சி ஒரு பக்கத்தைக் காட்டும், எதிர்க்கட்சி இன்னொரு பக்கத்தைக் காட்டும். பதிவான வழக்கு கூடினால் குற்றம் கூடிவிட்டதாகப் பொருளில்லை என்று அந்தக் காப்பகமே சொல்வதை இரண்டு தரப்பும் படிப்பதில்லை. அது கிடக்கட்டும். நாம் கேட்பது வேறு. அந்தப் பெண் ராத்திரி பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் நேரத்தில், அந்த வழியில் விளக்கெரியும் ஒரே இடமான டீக்கடையை எடுத்துவிட்டால் அவளுக்குப் பாதுகாப்பு கூடுமா, குறையுமா?

குறையும் என்பதே நம் நிலை. சென்னை தன் தெருக்களிலிருந்து ஆட்களை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் கேமராவையும் துப்பாக்கியையும் வைக்கப் பார்க்கிறது. இது கைகொடுக்காது.

தமிழில் எந்தக் குற்றச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள். 'ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில்' என்ற சொற்றொடர் இருக்கும். எங்கள் நிருபர்களும் இதற்கு விலக்கல்ல. அச்சுக்கோத்த காலத்திலிருந்தே தயாராக இருக்கும் வரி அது. எழுதி எழுதித் தேய்ந்துபோனாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. திருடனும் பெண்களைச் சீண்டுகிறவனும் முதலில் தேடுவது ஆளில்லாத இடத்தைத்தான். அவர்களுக்குத் தெரிந்தது நகரத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

கேமராவை முதலில் பார்ப்போம். 2017க்குப் பிறகு சென்னைக் காவல் துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா வைத்தது. வணிகர்களும் குடியிருப்போரும் கைக்காசு போட்டார்கள். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பது போல, சில கம்பங்களில் கேமராவைவிட நன்கொடையாளர் பலகை பெரிதாக இருந்தது. சர்ப்ஷார்க் என்ற நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலக நகரங்களிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்டது. கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நாம் கேமராவுக்குக் குறை வைக்கவில்லை என்பது நிச்சயம்.

பலனும் இல்லாமலில்லை. 2025 மார்ச் 25 காலையில் தென்சென்னையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஆறுக்குக் குறையாத பெண்களின் கழுத்துச் சங்கிலிகள் பறிபோயின. பதிவுகளை வைத்துத் துரத்திய காவல் துறை, பறித்தவர்களில் இருவரை அன்றே விமான நிலையத்தில் பிடித்தது. இன்னொருவர் ஓங்கோலில் ரயிலில் பிடிபட்டார். நல்ல வேலைதான், பாராட்டுகிறோம். ஆனால் கேமரா அந்தச் சங்கிலிகளில் ஒன்றையாவது கழுத்திலேயே இருக்க வைத்ததா? நடந்ததைச் சொல்வது கேமராவின் வேலை. நடக்கவிடாமல் செய்வதற்கு ஆள் வேண்டும்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஆள் இல்லையா? ஓர் இளம்பெண்ணை வெட்டிவிட்டு ஒருவன் நடந்து போனான். நடைமேடையில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். நம் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான கேள்வி இதுதான், இதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

நடைமேடையில் நின்றது கூட்டம். அடுத்த ரயிலில் ஏறிப் போகிறவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். நடமாட்டம் என்று நாம் சொல்வது வேறு. தெருமுனைப் பூக்காரம்மாவுக்கு எந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வருவாள் என்று தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு ஏரியாவுக்குப் புதிதாக வந்து சுற்றுகிற முகம் தெரியும். அயர்ன் வண்டிக்காரருக்குப் பூட்டிய வீடு எது என்று தெரியும். அந்த இடத்தில் அவர்களுக்குப் பிழைப்பு இருக்கிறது. அங்கே அசம்பாவிதம் நடந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள் கல்லாப்பெட்டி. அதனால் கேட்பார்கள்: "யாருப்பா நீ, இங்க என்ன வேலை?" இந்த ஒரு கேள்விக்கு இணையான கேமராவை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நுங்கம்பாக்கம் கொலைக்குப் பிறகு நிலையத்தில் கேமரா இல்லாததுதான் பெரிய குறையாகப் பேசப்பட்டது. அங்கே கேட்கிற குரல் இல்லாமல் போனது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பறக்கும் ரயில் நிலையங்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையில் தொடங்கி, 2007இல் வேளச்சேரியைத் தொட்ட பாதை. கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் என்று நகரத்தின் விலையுயர்ந்த பகுதிகளின் நடுவில் நிற்கும் நிலையங்கள். உள்ளே போனால் காலி மண்டபம், சிமென்ட் தூண்கள், எங்கோ ஒரு குழல்விளக்கு. கடைகள் வரவேண்டிய தளங்கள் பல ஆண்டுகளாக வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஏழு மணிக்கு மேல் தனியாகப் படியேறும் பெண் செல்போனைக் காதில் வைத்து, எதிர்முனையில் யாரும் இல்லாமலே பேசிக்கொண்டு போகிறாள். 2022 ஜனவரியில் திருவான்மியூர் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் ஊழியரைக் கட்டிப்போட்டுக் கொள்ளை என்று நகரமே பதறியது. விசாரித்தால் நாடகத்தை நடத்தியவரே அந்த ஊழியர்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு மாநகரத்தின் நடுவில், விடியற்காலையில் ஒரு ரயில் நிலையத்தில் இப்படி நடந்தது என்றதும் எல்லாரும் கேள்வியின்றி நம்பினோமே, அதுதான் அந்த நிலையத்தின் நிலைமை. அதே நிலையத்துக்கு வெளியே சாலையோரத்தில் சுண்டல் விற்கிறவரை விரட்டுகிறார்கள். அவரை உள்ளே கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரவுக் கடைகள் விஷயத்திலும் இதே முரண்தான். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த கடைக்கு அந்தச் சலுகை. கதவே இல்லாத, தெருவைப் பார்த்தபடி நிற்கும் டீக்கடைக்காரர் மட்டும் ரோந்து வண்டி வந்ததும் பாதி கொதித்த பாலை இறக்கி வைக்கிறார். பதினொன்றரைக்கு அந்த விளக்கு அணைந்த பிறகு அந்த முனையில் மிஞ்சுவது நாய்களும் 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்ற பலகையும்தான்.

டீக்கடையில் ரவுடிகள் கூடுகிறார்கள் என்பது காவல் துறையின் பதில். கூடுகிறவனைப் பிடிப்பதற்குத்தானே ரோந்து? கடைக்காரரும் கஞ்சா விற்கிறவனும் ஒருவரல்லர். இருவரையும் ஒரே லத்தியால் விரட்டினால் போவது கடைக்காரர் மட்டுமே. மற்றவன் இருட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு அங்கேயே இருப்பான்.

ஆட்களை அகற்றும் வேலையைச் சென்னை மிகப் பெரிய அளவில் செய்தது கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில். 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாகவும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏற்றிச் செல்லப்பட்டன. நகரத்துக்குள் பூ விற்றவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் ஆட்டோ ஓட்டியவர்களும்தான் அவர்கள். பிழைப்பு ஓரிடத்தில், படுக்கை 20 கிலோமீட்டருக்கு அப்பால். அக்கம்பக்கம் கலைந்தது. ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களை மாடி மேல் மாடியாக அடுக்கிவிட்டு, அங்கே குற்றம் அதிகம் என்று நகரம் முகம் சுளித்தது. கண்ணகி நகர் முகவரி என்றால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்ற கார்த்திகா அந்த ஊர்ப் பெண். அவர் வென்ற பிறகுதான் பலருக்குக் கண்ணகி நகரைப் பற்றி நல்லதாக ஒரு செய்தி எழுத வாய்த்தது. நாங்களும் அதில் அடக்கம்.

வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பட்டியலிடும் யோசனையும் புதிதல்ல. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வாடகைதாரர் விவரம் சேகரிக்கும் படலம் நடந்தது. மெட்ரோ சுரங்கம் தோண்டுகிறவரையும் ஓட்டலில் பரோட்டா போடுகிறவரையும் சந்தேகக் கேஸாக்கியதுதான் மிச்சம்.

துப்பாக்கிக்கு வருவோம். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்பகை வைத்து ஆள் அனுப்பிச் செய்கிற இத்தகைய கொலையை எந்த டீக்கடையும் தடுக்காது. அதற்கு உளவும் விசாரணையும் வேண்டும். அவை தவறின. அவற்றைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஆணையர் மாற்றப்பட்டார்; புதியவர் ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் பேசப்போவதாகச் சொன்னார்; செப்டம்பர் முடிவதற்குள் சென்னையில் மூன்று பேர் காவல் துறையின் குண்டுக்கு இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கதை: அவர் சுட்டார், நாங்களும் சுட்டோம். மார்ச் 2025 சங்கிலிப் பறிப்பில் விமான நிலையத்தில் பிடிபட்ட ஒருவரும் மறுநாள் விடியலில் தரமணியில் இப்படித்தான் இறந்தார். கைதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருவது நம் ஊரில் நகைச்சுவையாகிவிட்டது. பகிர்ந்து சிரிக்கிறோம், கைதட்டுகிறோம்.

இந்தக் கைதட்டலுக்கும் நுங்கம்பாக்கத்து மௌனத்துக்கும் தொடர்பு உண்டு. அடிக்கிற ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்ல யார் போவார்கள்? பார்த்தேன் என்று சொன்னால் அலைக்கழிப்பு. அடிபட்டவரைத் தூக்கினேன் என்று சொன்னால் கேள்வி. குற்றவாளி மட்டும் பயந்தால் போதும் என்று நாம் ஆசைப்பட்ட காவல் நிலையத்தைப் பார்த்துப் பூக்காரம்மாவும் பயப்படுகிறார்.

சட்டத்தின் வழி மெதுவானது என்பார்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொல்லி, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வரமுடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. துப்பாக்கி தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் புகாரும், ஒழுங்கான விசாரணையும், உட்கார்ந்து கேட்ட நீதிமன்றமும் போதுமானதாக இருந்தன.

நிர்பயா நிதியில் எட்டு நகரங்களுக்கு வந்த பாதுகாப்பு நகரத் திட்டத்தில் சென்னைக்கு 425 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் தெருவிளக்கும் பெண்களுக்கான கழிப்பறையும் உண்டு, மாநகராட்சியில் பாலினக் கொள்கை ஆய்வகமும் அமைந்தது. இவை கேமராவுக்கு அடுத்த இடத்தில் இருப்பதுதான் குறை. நடைபாதைக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2014இலேயே மாநகராட்சி ஏற்றது. தெருவோர வியாபாரிகளின் உரிமைச் சட்டமும் அதே ஆண்டு வந்ததுதான். இரண்டையும் தூசு தட்டி எடுத்தாலே பாதி வேலை முடியும்.

பறக்கும் ரயில் நிலையங்களின் காலித் தளங்களை அக்கம்பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு, பெண்களுக்கு முதலிடம் தந்து, கட்டுப்படியாகும் வாடகைக்குத் திறந்துவிட வேண்டும். பத்துப் பேர் என்ற வரம்பை நீக்கி, பேருந்து நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகில் உள்ள சிறு கடைகளும் இரவு முழுக்க இயங்க அரசாணை வேண்டும். ஐ.டி. வழித்தடங்களில் நள்ளிரவுக்குப் பிறகும் மாநகரப் பேருந்து ஓட வேண்டும். மோதல் சாவு ஒவ்வொன்றிலும் 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி சுதந்திரமான விசாரணை நடந்து, அறிக்கை வெளியாக வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். முனையில் இருக்கும் இட்லி வண்டியை அகற்றச் சொல்லி எழுதிய மனுவை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த வண்டிக்காரரையும் கூப்பிடுங்கள். ராத்திரி அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.