வேறு வாயிலால் வருவோர்



"சாமி, பள்ளிக்கூடம் போகாமல் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்வார்களா?" ஜீயபுரம் பகுதிப் பெற்றோரிடையே அடிக்கடி எழும் வினா இது. கேட்போர் இரு வகையினர். நோயுற்ற தாயைப் பேணவோ வாழைத் தோட்டத்தில் கூலி தேடவோ பள்ளியை விட்ட பிள்ளைகளின் பெற்றோர் ஒரு வகை. பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தி முழுநேரமும் நீட் பயிற்சி நிலையத்தில் சேர்க்க எண்ணுவோர் மற்றொரு வகை. இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

முதல் வகையினர்க்கு நற்செய்தி உண்டு. இந்திய மருத்துவக் கழகம் 2018 ஜனவரியில் தன் விதிகளைத் திருத்தி, திறந்தநிலைப் பள்ளியில் பயின்றோரும் தனித்தேர்வர்களும் நீட் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்றது. அவ்வாண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. வறுமையாலும் குடும்பச் சுமையாலும் இவ்வழியை நாடுவோரைத் திறமை குறைந்தவர் என முன்கூட்டியே முடிவு கட்டுதல் நீதியன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2024இல் முடிவுற்றது. மத்திய, மாநிலக் கல்வி வாரியங்களின் ஏற்புப் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர் நீட் எழுதலாம் என்பது உறுதியாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படியாதவர்கள், பின்னர் அதனைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் தகுதி பெறுவர் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆகவே, இடையில் படிப்பை விட்ட மகளுக்குக் கதவு அடைபடவில்லை.

இரண்டாம் வகையினர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமிழக அரசு 2020இல் இயற்றிய சட்டம், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அச்சட்டம் செல்லும் என்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் இதற்கு நிபந்தனை. நம் குடும்பப் பிள்ளைகள் பலர் பயிலும் அரசு உதவிபெறும் பள்ளிகள் அச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை, யாரோ சொன்ன சொல்லை நம்பிப் பதினோராம் வகுப்பில் திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றினால், அந்த உரிமை பறிபோகும். எளிய குடும்பத்திற்கு இதனினும் பெரிய இழப்பு வேறென்ன?

நுழைவு வேறு, பயிற்சி வேறு என்பதையும் மறவாதீர். மருத்துவப் படிப்பையே இணையவழியில் முடிக்க இயலாது. நோயாளியின் நாடியை வீட்டிலிருந்து திரையில் பார்த்துப் பழக முடியுமோ? வெளிநாட்டில் பயில்வோர் குறைந்தது 54 மாதங்கள் ஒரே கல்லூரியில் படித்து, அங்கேயே 12 மாதங்கள் உள்ளிருப்புப் பயிற்சியும் பெற வேண்டும் என 2021ஆம் ஆண்டு விதி கூறுகிறது. பெருந்தொற்றாலும் 2022இல் மூண்ட உக்ரைன் போராலும் தாயகம் திரும்பி, இணையவழியில் பயின்ற நம் மாணவர்கள் பட்ட அல்லல் நாடறிந்தது.

அமெரிக்காவில் உறவினர் உடையோர் 'கம்யூனிட்டி காலேஜ்' பற்றியும் கேட்கின்றனர். அங்கு பட்டப்படிப்புக்குப் பின்னரே மருத்துவக் கல்லூரி. சமுதாயக் கல்லூரியில் பெற்ற அறிவியல் பாட மதிப்பெண்களைப் பல கல்லூரிகள் ஏற்கின்றன. சில, மேல்நிலைப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் பயில்வதையே விரும்புகின்றன. இணையவழி ஆய்வகப் பாடத்தைச் சில ஏற்பதில்லை. நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் சென்னை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியாலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகளின் நோக்கம் வேறு. ஏழை இளைஞர்க்குக் கைத்தொழில் கற்பித்து வேலைக்கு அனுப்புவதே அவற்றின் பணி. பெயர் ஒன்றாயினும் பாதை ஒன்றன்று.

எனவே பெற்றோரே, பள்ளி மாற்றச் சான்றிதழில் கையெழுத்திடுமுன் அவ்வாண்டின் நீட் தகவல் குறிப்பேட்டையும் தமிழக மருத்துவச் சேர்க்கைக் குறிப்பேட்டையும் படியுங்கள். படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். தேவையின் நிமித்தம் வேறு வாயிலால் வரும் பிள்ளையை இழிவாக எண்ணாதீர்கள். முன்வாயில் திறந்திருக்கும் பிள்ளையை அவசரப்பட்டுப் பின்வாயிலுக்கு அனுப்பாதீர்கள்.