கண்ணைப் பொத்தினால் போதுமா?

1/ ஓபியில் ஒரு அம்மா. கூட ஐந்து வயசுப் பையன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "பத்து நாளா ராத்திரி அலறி எந்திரிக்கிறான் சார். படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடுறான்."

காய்ச்சல் இல்லை. யூரின் டெஸ்ட் நார்மல். ஸ்கேன் எழுதச் சொன்னார்கள். நான் கேட்டது வேறு: "சமீபத்துல என்ன படம் பார்த்தான்?"

"தியேட்டருக்குப் போனோம் சார். வெட்டுற சீன்ல எல்லாம் கண்ணைப் பொத்திட்டேனே!"

2/ கண்ணைப் பொத்துனீங்க, சரி. காது? அந்த அலறல் அவனுக்குக் கேட்டது. அதைவிட முக்கியமாக, சுற்றி இருந்தவர்கள் அடித்த விசிலும் கேட்டது. பயந்து அழ வேண்டிய இடத்தில் அப்பா கை தட்டுகிறார். குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்?

3/ 1961ல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா செய்த சோதனை இது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைச் சின்னக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அதே அடி, அதே வசவு! 1963ல் அதையே படமாகப் போட்டுக் காட்டினார். அப்போதும் அதேதான்.

4/ உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ஐந்து வயசுக்கு "இது நடிப்பு, ரத்தம் சாயம்" என்று சொன்னாலும் பயம் அடங்காது. சிலருக்குக் கெட்ட கனவு. சிலருக்கு முரட்டுத்தனம். இன்னும் சிலருக்கு அடுத்தவர் வலியே உறைக்காத மரத்துப்போன மனசு.

5/ 2025 ஆகஸ்ட் 14ல் 'கூலி' வந்தது. ஏ சான்றிதழ். யு/ஏ வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 28ல் மனு தள்ளுபடி. அந்த நாட்களில் நம்மில் பலர் கோபப்பட்டது எதற்கு? படத்தில் இவ்வளவு வன்முறையா என்றா? இல்லை. "புள்ளைய உள்ள விடலையே" என்று!

6/ ஏ படத்துக்குச் சட்டமே வாசலில் நிற்கிறது. யு/ஏ படத்துக்கு? 2024 நவம்பர் முதல் 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டல்தான். 16+ படத்துக்கு மூன்று வயசுக் குழந்தையைத் தூக்கிப் போனால் தடுக்க அங்கே யாரும் இல்லை. அங்கே தணிக்கை அதிகாரி நீங்கள்தான்.

7/ "நாங்களும் சண்டைப் படம் பார்த்துத்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்பீர்கள். ஒரு படம் யாரையும் கொலைகாரன் ஆக்காது, ஒத்துக்கிறேன். வீட்டுச் சண்டையும் பெல்ட் அடியும் இதைவிட மோசம். ஆனால் நாம் பார்த்தது டிஷ்யூம் டிஷ்யூம். இன்று கழுத்து அறுபடுவது ஸ்லோ மோஷனில் வருகிறது. வீட்டுக்கு வந்தால் அதே காட்சி ரீல்ஸாகப் போனில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அந்தப் போனைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறோம்.

8/ செய்ய வேண்டியது:
- டிக்கெட் எடுக்கும் முன் சான்றிதழைப் பாருங்கள்.
- இரண்டு வயசு வரை திரை வேண்டாம். ஐந்து வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இது.
- ஏற்கெனவே பார்த்துப் பயந்திருந்தால் "ஆம்பளப் புள்ள பயப்படலாமா" என்று அடக்காதீர்கள். மடியில் வைத்துப் பேச விடுங்கள்.
- சில வாரமாகியும் சரியாகவில்லையா? 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், இலவசம்.

9/ நான் இதை எழுதுவது நெற்குப்பையிலிருந்து. சோமலெ பிறந்த ஊர். அவர் பெயரில் இங்கே நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போகும் குடும்பம் ஒரே ஒரு ஞாயிறு அங்கே போகலாமே?

அந்தப் பையனுக்கு நான் மாத்திரை எழுதவில்லை. அப்பாவின் போனை ராத்திரி பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அவன் பக்கத்தில் படுத்துக் கதை சொல்லச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார்கள். இப்போது தூங்குகிறான்.